மிச்ச ரசம்

எங்கள் கோயிலில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து முடிந்த பிறகு பாத்திரத்தில் மிஞ்சுகிற ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது. ஜெபித்து ஆசீர்வதித்த ரசம் அது. திரும்பப் புட்டியில் ஊற்றவும் கூடாது, அடுத்த மாதத்துக்கு எடுத்து வைக்கவும் கூடாது. பலிபீடத்தை ஒட்டிய சின்ன அறையில் நின்று யாராவது அதைக் குடித்துத் தீர்க்க வேண்டும். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரப் பாதிரிமார் திருநெல்வேலிச் சீமையில் பழக்கிவிட்ட வழக்கம், எங்கள் சனத்தோடு ரயிலேறி தாராவிக்கும் வந்து சேர்ந்தது. நல்ல வழக்கம்தான். பரிசுத்தமானதைச் சாக்கடையில் விடலாமா? ஆனால் என் வீட்டுக்காரரைச் சபையில் கடைசி பெஞ்சுக்குத் தள்ளியது இந்த வழக்கம்தான். எனக்கு அதன் மேல் இன்றைக்கும் ஆறாத கோபம் இருக்கிறது.

அது கடையில் வாங்குகிற ஜூஸும் இல்லை. நாசிக் கறுப்புத் திராட்சை மலிவாக வருகிற மாதத்தில் சபைப் பெண்கள் சேர்ந்து வாங்கி, கழுவித் துடைத்து, சர்க்கரையும் கொஞ்சம் கோதுமையும் போட்டு ஜாடி வாயில் துணியால் வேடு கட்டி வைப்போம். நாள் ஆக ஆக அதற்கு வேகம் ஏறும். துணியை அவிழ்த்தால் மூக்கில் குத்தும். அதைக் கலக்கிய கைகளில் என் கையும் உண்டு.

அவர் தையல் மெஷின் மெக்கானிக். தாராவியில் சட்டை தைக்கிற பட்டறைகளில் மெஷின் மக்கர் பண்ணினால் அவரைத்தான் தேடுவார்கள். கல்யாணமாகி நான் பம்பாய்க்கு வந்த நாளிலிருந்தே குடி. அந்தக் கதையை நீட்டப் போவதில்லை. குடிகாரன் பெண்டாட்டி கதை எல்லாச் சந்திலும் ஒரே கதைதான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாதுங்கா புடவைக் கடைகளுக்கு ஃபால் தைத்துக் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் அவர் வாசலில் கால் வைத்ததும் ஊசியையும் நூலையும் நீட்டுவேன்.

"கோருங்க பாப்பம்."

கோத்துவிட்டால் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். கை ஆடினால் பேச்சு கிடையாது. மூடி வைத்ததை அவரே எடுத்துத் தின்ன வேண்டியதுதான். ஏலக்காயை மென்று வாயை ஏமாற்றிவிடலாம், கையை ஏமாற்ற முடியாது. அநேக வருடம் மூடி வைத்த சோற்றைத்தான் தின்றார்.

கொரோனாவில் ஊரே அடைத்துக் கிடந்தபோது நிறுத்தினார். கடை மூடியதால் நிறுத்தினார் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சந்திலேயே பிளாக்கில் விற்றார்கள், கடனுக்கும் தந்தார்கள். அவர் வாங்கவில்லை. ஒற்றை அறை வீட்டில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, வேர்த்து, நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டு கிடந்தார். பெரிய ஜெபமெல்லாம் அவருக்கு வராது. "நீர் சொன்னா கேக்கேன், ஆண்டவரே. நீர் சொன்னா கேக்கேன்." இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் கீழ்ப்படிகிறேன் என்று அர்த்தம். ஆண்டவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் எழுந்து குளித்துவிட்டு வந்து, "ஊசியக் கொண்டா" என்றார். ஒரே தடவையில் கோத்தார். நான் அழுதேன். அதன்பிறகு அவர் கை ஆடவேயில்லை.

ஆனால் மனுஷனுக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை. கோயிலிலிருந்து எங்கள் வீட்டுக்கு நேராக வந்தால் வழியில் ஒரு தேசி பார், நாட்டுச் சாராயக் கடை. அந்த வாசலைத் தாண்டுவதைவிடச் சுற்றிப் போவதே மேல் என்று தொண்ணூறடி ரோட்டைப் பிடித்து, பானை செய்கிறவர்கள் தெரு வழியாக வளைந்து வருவார். வெயிலிலும் மழையிலும் அந்தச் சுற்று வழிதான். "என்னத்துக்கு இம்புட்டு நட?" என்றால், "எனக்கு என்னயத் தெரியும்ட்டி" என்பார்.

கோயில் திறந்து, பழையபடி ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் திருவிருந்து கொடுக்கத் தொடங்கிய சமயம், எங்கள் சபை ஐயர், எங்கள் ஊரில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், என் வீட்டுக்காரரைக் கோயில்குட்டி ஆக்கினார். மணியடிப்பது, பெருக்குவது, திருவிருந்துக்கு வேண்டியதை எடுத்து வைப்பது கோயில்குட்டியின் வேலை. சம்பளம் பேருக்குத்தான், மரியாதைதான் பெரிசு. பிரசங்கத்திலேயே சொன்னார்: குடித்துக் கிடந்தவனை ஆண்டவர் தம்முடைய பாத்திரத்தைத் துடைக்கிறவனாக மாற்றினார் என்று. சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது எங்கள் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. எப்படி எட்டும்? திராட்சரசத்தை யாரும் சாராயம் என்று நினைக்கவில்லை. அது ஆண்டவருடைய ரத்தம். மற்றவர்களைப்போல உதட்டை நனைத்துக்கொண்டு வருகிறவரைக்கும் அவருக்கும் அது ரத்தமாகத்தான் இருந்தது.

முதல் மாதத் திருவிருந்தன்றே அது நடந்தது. பூச்சாடிகளை எடுக்க நான் அந்தச் சின்ன அறை வாசலில் நின்றிருந்தேன். ஐயர் பாத்திரத்தை அவரிடம் நீட்டினார். கால்வாசிக்கு மேல் மிஞ்சியிருந்தது.

"எனக்குச் சுகர் ஏறிட்டு. டாக்டர் தொடக் கூடாதுன்னுட்டாரு. இனி நீங்கதான் முடிக்கணும். இது பாக்கியம்."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணை மூடினார். குடித்தார். திறந்தபோது அவர் கண்ணில் இருந்ததை எனக்கு முன்பே தெரியும். வாசலில் ஊசி கோக்க முடியாமல் நின்ற நாட்களில் பார்த்த கண் அது.

அன்றைக்குச் சுற்று வழிக்கு அவர் திரும்பவில்லை. நேராக நடந்தார். பார் வாசலில் நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். பெண்பிள்ளை புருஷனை ரோட்டில் இழுக்கிற அவமானமெல்லாம் எனக்குப் பழசு. வீட்டுக்கு வந்ததும் பூட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வெளிய போட்டுப் பூட்டுட்டி. நான் கத்துனாலும் தொறக்காத."

பூட்டிவிட்டு வாசலிலேயே புடவையை விரித்து ஃபால் தைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே அவர் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வது கேட்டது. பிறகு அந்தப் பழைய ஜெபம். நீர் சொன்னா கேக்கேன். எதிர்வீட்டு மராட்டிக்காரி, பூட்டைப் பார்த்துவிட்டு, "க்யா ஹுவா பாபி?" என்று இந்தியில் விசாரித்தாள். சாவி தொலைந்துவிட்டது என்றேன். சாவி என் மடியில்தான் இருந்தது.

அதன்பிறகு திருவிருந்து வருகிற ஞாயிறெல்லாம் மத்தியானம் எங்கள் வீட்டுக்குப் பூட்டுத்தான். சாயங்காலம் திறந்தால் வேர்வையில் நனைந்த சட்டையோடு எழுந்து வந்து ஊசியை வாங்குவார். கோத்துக் காட்டுவார். ஒரு தடவையும் அவர் தோற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவரிடமிருந்து எதையோ உரித்து எடுத்ததுபோல இருந்தது. மற்ற வாரங்களிலும் சிரிப்பு நின்றுபோனது. சோறு பாதியாயிற்று. திருவிருந்து நெருங்க நெருங்க ஆள் சுருங்குவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் ஐயரிடம் போனேன்.

"ஐயா, அந்த மிச்சத்த அவியளுக்குக் குடுக்க வேண்டாம். அன்னைக்கெல்லாம் பட்ட பாடு சொல்லி முடியாது."

ஐயர் கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் பேசினார். "ஆசீர்வதிச்ச ரசம் ஒருத்தரையும் விழத் தள்ளாதும்மா. அது அவருக்குள்ள வேற ஆசையைக் கிளப்புதுன்னா, கொற ரசத்துல இல்ல, விசுவாசத்துல. சபையில இதச் சொல்லிட்டு அவர வேலையிலிருந்து நிறுத்தணுமா? சாட்சியா நிப்பாட்டுன ஆள் அவரு."

குடித்தால் கஷ்டம் என்று சொன்னால் விசுவாசம் இல்லை. விசுவாசம் உண்டு என்றால் குடிக்க வேண்டும். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நறுக்கென்று நாலு கேட்டிருப்பேன். அங்கியைப் பார்த்ததும் என் நாக்கு மடங்கிக்கொண்டது.

வீட்டில் அவரிடம் சண்டை போட்டேன். "முடியாதுன்னு சொல்லுங்களேன். வாய் இல்லையா?"

"ஐயர் சொல்லுதாரு. ஆண்டவர் வச்ச ஆளுட்டி அவரு. கேக்கேன்னு சொல்லித்தான குடிய விட்டேன்? இப்ப கேக்க மாட்டேன்னா, அதுவும் போயிருமே."

"ஆண்டவரே சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல முழங்கால் போட்டு இந்தப் பாத்திரம் எனக்கு வேண்டாம்னு கேட்டாரே. நீங்க கேட்டா குத்தமா?"

"கேட்டாரு. ஆனா கடைசில குடிச்சாருல்லா" என்றார்.

வேதத்தை எனக்கு எதிராகத் திருப்பியதற்குக் கோபம் வந்தது. அதைவிட, அவர் சொன்னது சரியாக இருந்ததற்கு.

அந்த வருடம் மழை சயானைக் குளமாக்கிய ஒரு ஞாயிறு. ரயில் ஓடவில்லை. வடாலாவிலிருந்தும் அம்பர்நாத்திலிருந்தும் வருகிற குடும்பங்கள் வரவில்லை. பக்கத்துச் சந்துக்காரர்கள் கொஞ்சப் பேர்தான் பலிபீடத்தண்டை மேலே போய் முழங்கால் போட்டோம். ஐயர் வழக்கம்போலப் பாத்திரத்தை நிரப்பி ஜெபித்துவிட்டார். ஆராதனை முடிந்தபோது பாத்திரம் ஏறக்குறைய ததும்பிக்கொண்டிருந்தது. ஐயர் அதை அவர் கையில் வைத்துவிட்டு, தண்ணீர் ஏறுவதற்குள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அங்கியைக் கழற்றிக்கொண்டே போய்விட்டார்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாசலில் நின்றேன். அவர் பாத்திரத்தை வாய்வரைக்கும் கொண்டுபோனார். மூச்சை இழுத்து மணத்தை உள்ளே வாங்கினார். அந்த முகத்தில் இருந்த ஆசையை என்னால் மறக்க முடியவில்லை. என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு பின்கதவைத் திறந்து படியில் இறங்கினார். தாராவியில் மண் ஏது? கோயிலைச் சுற்றிலும் சிமெண்டு. படிப்பக்கத்தில் குரோட்டன்ஸ் செடி ஒன்று தொட்டியில் இருந்தது. மழையில் நனைந்துகொண்டே குனிந்து, பாத்திரத்தை அந்தத் தொட்டியில் கவிழ்த்தார். "மன்னியும், மன்னியும்" என்றார். தண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தைக் கழுவி அதையும் செடிக்கே விட்டார்.

சபைக் கமிட்டியில் இருந்த ஓர் அம்மாள் மழைக்கு ஒதுங்கி அந்தப் பக்கத்துத் தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: ஆண்டவருடைய ரத்தத்தைப் பூந்தொட்டியில் கொட்டினது உண்மையா? கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நானும் அப்படித்தான் சொல்லச் சொல்லி அனுப்பினேன். கமிட்டி முடிந்ததும், உள்ளே என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உள்ளதச் சொன்னேன். அது உள்ள போனா எனக்குக் குடிக்கணும்னு வருது, பழைய குடி வேணும்னு வருதுன்னேன்."

"என்ன சொன்னாவ?"

"கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிட்டாவ."

அவ்வளவுதான். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். சபையில் அறிவிப்பு எதுவும் இல்லை, தேவையும் இல்லை. ஒரு மாதத்தில் தாராவியிலிருந்து செம்பூர் வரைக்கும் எங்கள் சனத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஆண்டவருடைய ரத்தத்தைச் சாராயம் என்று சொன்னவன். அந்தக் குரோட்டன்ஸ் பிறகு பட்டுப்போனது. மழைத்தண்ணீர் நின்று வேர் அழுகியிருக்கும். அதற்கும் அவரைத்தான் சொன்னார்கள்.

அதன்பிறகும் அவர் கோயிலுக்கு வராமல் இருக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்காருவார். திருவிருந்துக்கு எல்லாரும் வரிசையாக மேலே போகும்போது அவர் மட்டும் கீழே இருப்பார்; பாத்திரத்தோடு ருசி கண்ட பிறகு உதட்டில் படுகிற சொட்டைக்கூட அவர் நம்பவில்லை. எங்கள் சபையில் கீழே இருப்பது என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஏதோ பாவம் உள்ளே இருக்கிறது, அதனால் பயந்து மேலே போகவில்லை என்று அர்த்தம். நான் மட்டும் போய் வாங்கிக்கொண்டு திரும்புவேன். வரிசையில் நடந்து வருகிறபோது அவர் என் வாயைப் பார்ப்பார், பசித்த பிள்ளை பார்க்கிறதுபோல. திருவிருந்து என்றால் அவருக்கு அவ்வளவு ஆசை. குடிக்கும் ஆசை அல்ல அது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் ஏன் சும்மா இருந்தார்?

சாயங்காலம் ஊசி கோப்பது மட்டும் நிற்கவில்லை. "இன்னிக்கும் பாஸா?" என்பேன். "பாஸு" என்பார். சிரிக்க மாட்டார்.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அதுபோலப் பழைய குடி ஈரலில் தங்கிவிட்டது. கண் மஞ்சளானது, வயிறு ஊதியது. ஆஸ்பத்திரியில் டாக்டர், பழைய சேதம், இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். எங்கள் சனத்துக்கு டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பார்க்க வந்த பெண்கள் போகும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்: "தெரியாம குடிச்சிக்கிட்டேதான் இருந்தாவளோக்கா?" இல்லை என்றேன். பாவம், இவளுக்கே தெரியவில்லை என்கிற பார்வையோடு போனார்கள். யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? நானும் ஓர் ஊசியும்தான் சாட்சி.

இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்தபோது ஐயருக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வந்தார். வராமல் இருந்திருக்கலாம்; வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். மடக்கு மேசையில் வெள்ளைத்துணி விரித்து, ஜெபித்து, அப்பத்தை எடுத்து ரசத்தில் தோய்த்தார். நோயாளிகளுக்கு அப்படித்தான் கொடுப்பது. வீடு முழுக்க அந்த வாசனை.

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். அப்பத்துண்டு உதட்டுக்கு வந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"ஐயா, தோய்க்காம அப்பம் மட்டும் குடுங்க. வாங்கிக்கிடுவாவ" என்றேன்.

"பாதித் திருவிருந்து நம்ம சபையில கிடையாதேம்மா."

"கெஞ்சிக் கேக்கேன் ஐயா."

ஐயருக்கும் அழுகைதான். ஆனால் தோய்த்த துண்டையே மறுபடி நீட்டினார். உதடு திறக்கவில்லை. தாடை எலும்பு புடைத்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். ஐயர் அந்தத் துண்டைத் தாமே உண்டு, அவர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஐயர் போன பிறகு அவர் விரலை ஆட்டிக் கேட்டார். எனக்குப் புரிந்தது. ஊசியையும் நூலையும் கொடுத்தேன். கை நிற்கவில்லை. வியாதியின் நடுக்கம். நூல் ஊசிக் காதைத் தாண்டித் தாண்டிப் போனது. திரும்பத் திரும்ப முயன்றார். கடைசியில் நூல் கீழே விழுந்தது.

"நான் குடிக்கலட்டி" என்றார்.

"எனக்குத் தெரியும்."

"நீ நம்புதியா?"

"நம்புதேன்."

நான் நம்புவது போதாது என்பதுபோல மேலே தகரக் கூரையைப் பார்த்தார். அங்கிருந்து அவருக்குப் பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் போய்விட்டார்.

சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினோம். ஐயர் குறைவாகப் பேசினார். அவரவர் இருதயத்தைக் கர்த்தர் அறிவார் என்று முடித்தார். நல்லவர்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டார்கள். திரும்புகிற வண்டியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "கடைசி நேரத்துலயும் ஆண்டவர வேண்டாம்னு மொகத்தத் திருப்பிக்கிட்டாவளாம்." எனக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னாளோ, கேட்காது என்று நினைத்தாளோ. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர் ஆண்டவருக்காகத்தான் வாயை மூடினார். கேட்கிறேன் என்று கொடுத்த வார்த்தையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு செத்தார். இதை நான் யாரிடம் சொல்வேன்? சொன்னாலும், ரசத்தைச் சாராயம் என்று இவளும் சொல்கிறாள் என்பார்கள். ராத்தூக்கம் போய்விட்டது. ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் ஒரே கேள்விதான் நிற்கிறது: அவரைச் சேர்த்துக்கொண்டீரா, இல்லையா?

இப்போது கடைசி பெஞ்சில் அவர் இடத்தில் நான் உட்காருகிறேன். திருவிருந்துக்கு மேலே போவதில்லை. போன முறை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஐயர் வாசலில் நிறுத்தினார்.

"நீங்களும் ஏம்மா வாரதில்ல? அவர் காரியம் வேற, உங்க காரியம் வேற."

"அந்தப் பந்தியில அவியளுக்கு எடம் உண்டா இல்லியான்னு எனக்குத் தெரியல ஐயா. அவியள வெளிய விட்டுட்டு நான் மட்டும் எப்படி உக்காந்து சாப்பிட?"

ஐயர், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றார். சரி ஐயா என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நேராகப் போனால் வீடு பக்கம்தான். எனக்கு அந்தப் பார் வாசலில் என்ன பயம்? ஆனாலும் தொண்ணூறடி ரோட்டைப் பிடித்து, பானைக்காரர் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனேன்.